மாசி மாதத்து மசக்கை

ஆண் டாக்டர் ஒருவனுக்கு மசக்கை வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். வேடசந்தூரிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற ரோட்டுக்கு வடக்கே, ஒரு புகையிலைக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். வரப்பில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தவன் நான்தான். எனக்கு எத்தனை மாசம் என்று ஒருத்தி விசாரித்தாள். அவள் விசாரித்ததில் தப்பில்லை. அந்த ஊரில் மாசி மாதம் வாந்தி எடுக்கிற யாரையும் அப்படித்தான் விசாரிப்பார்கள்.

நான் எம்.பி.பி.எஸ். படித்தவன். ஆனால் ஊசி போட்டுக் காசு பார்க்கிற டாக்டராக இருக்க எனக்கு இஷ்டமில்லை. என் கவனமெல்லாம் ரிசெப்டர் மேல். நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லின் மேலும் மருந்தையோ விஷத்தையோ அடையாளம் கண்டு வாங்கிக்கொள்கிற ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் அந்தப் பெயர். இன்றைய தேதி வரைக்கும், அதாவது இந்த 1966 வரைக்கும், அதைக் கண்ணால் பார்த்தவன் உலகத்தில் ஒருவன்கூட இல்லை. பார்க்காத ஒன்றை நம்பி எதிர்காலத்தையே கெடுத்துக்கொள்கிறாயே என்று கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். கரண்டைக் கூடத்தான் யாரும் பார்த்ததில்லை, கையை வைத்துப் பாருங்கள் என்றேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது மதுரையில் படிக்கும்போது, ஒரு தவளையால். மருந்தியல் வகுப்பில் தவளையின் வயிற்றுத் தசையைக் கீற்றாக அறுத்து, நூலில் கட்டி, உப்புத் தண்ணீருக்குள் தொங்கவிடுவோம். நூலின் மறுமுனையில் ஒரு மெல்லிய கம்பி. மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கறுப்பாக்கிய காகிதத்தை ஓர் உருளையில் சுற்றியிருப்போம். தசை சுருங்கினால் கம்பி மேலே ஏறிக் கறுப்புக் காகிதத்தில் வெள்ளைக் கோடு கீறும். அன்றைக்குத் தண்ணீரில் விட்டது நிக்கோட்டின், அதாவது புகையிலையில் இருக்கிற சரக்கு. முதல் சொட்டுக்குக் கோடு மலை மாதிரி ஏறியது. விடாமல் அடுத்தடுத்துச் சொட்டினால் மலை கரடாகி, கரடு மேடாகி, கடைசியில் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. தசை செத்துவிட்டது என்றான் என் பக்கத்தில் நின்றவன். தசையை அலசிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, மறுபடி ஒரு சொட்டு விட்டேன். மலை ஏறியது.

அதாவது தசைக்கு உயிர் இருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் புரொபசரிடம் போய் ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ரிசெப்டர் பூட்டு, மருந்து சாவி, திண்டுக்கல்காரனுக்குப் பூட்டு சாவி சமாச்சாரத்தை நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்றார். திண்டுக்கல்லில் பிறந்தவன் எல்லாம் பட்டறையில் அரம் பிடித்தவன் என்பது மதுரைக்காரர்களின் எண்ணம். எங்கள் வீட்டுப் பூட்டு சேலத்தில் வாங்கியது. ஆனாலும் அந்த ஆள்தான் எனக்குத் தன் அலமாரிச் சாவியைக் கொடுத்து, வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படிக்க விட்டவர். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகன் சர்ஜன் ஆவான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தவர். நான் ஆராய்ச்சி என்றதும், தவளைக்கு வைத்தியம் பார்க்கவா உன்னை இம்புட்டு செலவழித்துப் படிக்கவைத்தேன் என்றார். தவளை ஃபீஸ் கொடுக்காது என்பதைத் தவிர அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆராய்ச்சி வேலை உடனே கிடைத்துவிடுமா? அரசாங்கம் என்னைத் திண்டுக்கல் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் போட்டது. காலையில் வெளிநோயாளிகள், மத்தியானம் வார்டு. எனக்கு மேலே ஒரு பெரிய டாக்டர் இருந்தார். நல்லவர், வேகமானவர். ஆள் உள்ளே நுழைந்து உட்காருவதற்குள் பாதி சீட்டு எழுதியிருப்பார். நான் நாலு கேள்வி அதிகம் கேட்டால் வரிசை நகரவில்லை என்று கதவுப் பக்கம் கையைக் காட்டுவார்.

ஒரு மாசி மாதத்துக் காலையில் மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. முதலில் இறங்கியது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. வாய் நிறைய வெற்றிலை புகையிலை. அவருடைய முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக இருந்தன. பின்னாலேயே அவருடைய மருமகளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். இருபது வயது இருக்கும். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, புடவை முன்பக்கமெல்லாம் நனைந்து, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டிவந்தவன் அவள் புருஷன். லாரி டிரைவர், புகையிலைச் சோலிக்காக லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தவன். மாட்டை அவிழ்த்துவிட்டு வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டான்.

மாமியார்தான் பேசினார். கல்யாணமாகி இது நாலாவது மாசி. வருஷா வருஷம் இதே மாசியில் மருமகளுக்கு மசக்கை வரும். ஊரெல்லாம் சொல்லிக் கல்கண்டு கொடுத்தாகிவிடும். ஒரு மாதத்துக்குள் மாதவிலக்கு வந்து தூரமாகிவிடுவாள். கரு கலைந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று முறை ஆகிவிட்டது. இப்போது நாலாவது. இதுவும் தங்கவில்லை என்றால் பங்குனியில் மகனுக்கு இரண்டாம் தாரமாகத் தன் அண்ணன் மகளைப் பரிசம் போடுவதாகப் பேச்சு முடிந்திருக்கிறது. சட்டம் அதற்கு இடம் கொடுக்காது என்று நான் சொன்னதை, டெல்லியில் மழை பெய்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி அவர் கேட்டுக்கொண்டார்.

“இந்த வாட்டியாச்சும் தங்க வச்சுருங்கப்பு. எனக்கும் அவளை அனுப்பணும்னு ஆசையா என்ன. நல்ல வேலைக்காரி. ஆனா வயிறு நிக்க மாட்டேங்குதே.”

பெரிய டாக்டர் சத்து மாத்திரையும் ஓய்வும் எழுதினார். நான் அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது, வேர்வை. நாடி கண்டபடி ஓடியது. ஆரம்ப மசக்கையில் பெண்கள் வாந்தி எடுப்பார்கள், துவண்டு படுப்பார்கள். மாசிப் பனியில் இப்படிச் சொட்டச் சொட்ட வேர்த்து நடுங்க மாட்டார்கள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். தார் பூசின மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். அந்த வாடை எனக்குத் தெரியும். தவளைத் தசைக்கு நான் சொட்டுச் சொட்டாக விட்ட சரக்கின் வாடை.

நான் கேட்ட எல்லாவற்றுக்கும் மாமியாரே பதில் சொன்னதால், கடைக்குப் போய்ச் சோடா வாங்கிவரச் சொல்லி அவரை அனுப்பினேன். பிறகு அந்தப் பெண்ணிடம் கடைசியாகத் தூரமாகித் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“ஒரு வாரங்கூட ஆகல சார்.”

இது மாமியாருக்குத் தெரியாதா என்றேன்.

“தெரியாம என்ன. கரு நின்னப்பறமும் சில பேருக்குத் தூரம் படும்னு அத்தை சொல்றாக. அத்தை சொன்னா ஊரே சொன்ன மாதிரி. எங்கிட்ட யாரு சார் கேட்டா?”

நான் முடிவு பண்ணிவிட்டேன். இந்தப் பெண் கர்ப்பமும் இல்லை, இதற்கு முன் கர்ப்பமாக இருந்ததும் இல்லை. பச்சைப் புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் பனி ஈரத்தில் கரைந்து தோல் வழியாக உள்ளே போயிருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படிக்கவில்லை. படிக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆனால் மாமியாரிடம் சும்மா சொன்னால் எடுபடாது. கர்ப்பமா இல்லையா என்று பார்க்க எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே வழி தேரைதான். சந்தேகப்படுகிற பெண்ணின் சிறுநீரைக் கொஞ்சம் எடுத்து ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்ற வேண்டும். கர்ப்பிணியின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் இருக்கும். அதைத் தேரையின் உடம்பில் இருக்கிற ஏதோ ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும். சில மணி நேரத்தில் தேரை விந்தணுவை வெளியே விடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துள்ளிக்கொண்டிருக்கும். மனுஷியின் சரக்குக்குத் தேரை பதில் சொல்கிறது என்றால், ரிசெப்டர் இல்லை என்று யார் என்னிடம் வாதாட முடியும்? கிணற்றடி ஈரத்தில் இரண்டு தேரை பிடித்தேன். சாயந்தரம் வரைக்கும் பார்த்தேன். ஸ்லைடு காலி. மறுநாளும் பார்த்தேன். காலி.

வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே முழுசாகக் கேட்டார்.

“தேரை சொல்லுச்சா?”

ஆமாம் என்றேன்.

“அதுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் விடவில்லை. பச்சை இலைதான் காரணம், வாந்தி அதனால்தான் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை அந்தக் காட்டுக்கே இழுத்துக்கொண்டு போனது. முப்பது வருஷமாகப் புகையிலையிலேயே கிடக்கிறேன், எனக்கு ஏன் வரவில்லை என்றார். எங்கள் காட்டில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கும் அந்தக் குமட்டல் வராது. புதுசாகக் கட்டிக்கொண்டு வந்தவளுக்குத்தான் வரும். அதனால்தான் அது மசக்கை என்றார். யோசித்துப் பாருங்கள், இது லேசான வாதம் இல்லை. என் புரொபசர்கூடத் திணறியிருப்பார்.

அன்றைக்கு வார்டில் இருந்த அந்தப் பக்கத்துப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து விசாரித்தேன். விஷயம் விளங்க ஆரம்பித்தது. கல்யாணம் ஆகாத பெண்ணை அங்கே புகையிலைக் காட்டில் இறக்க மாட்டார்கள். பிசின் பட்டுக் கை கறுத்துப்போனால் பெண் பார்க்க வருகிறவன் திரும்பிப் போய்விடுவான் என்று பயம். கல்யாணம் ஆகி வந்த முதல் மாசியில்தான் காட்டுக்கே போவாள். அது மட்டும் இல்லை, வருஷத்தின் முதல் இலைக்கட்டு வீட்டின் கடைசி மருமகள் தலையில்தான் ஏற வேண்டும், அது ராசி. அப்புறம் இன்னொன்று. பெண்பிள்ளை வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடுவது முதல் பிள்ளை பெற்ற பிறகுதான். அதற்கு முன்னால் வாயில் வைத்தால் அடங்காதவள் என்று பெயர். ஆண்களோ மீசை முளைக்கும் முன்பே பீடி.

ஆக, அந்தக் காட்டில் இறங்குகிற அத்தனை பேரிலும் புகையிலை பழகாத உடம்பு புது மருமகளுடையது மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் தினம் தினம் சொட்டுச் சொட்டாக வாங்கிப் படுத்துப்போன தவளைத் தசை. முதல் வருஷமே உண்மையாகக் கர்ப்பமான மருமகள்களால் ஊருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தவறிப்போன கணக்கை ஊர் மறந்துவிட்டது. இந்தப் பெண் ஒருத்திதான் மாட்டிக்கொண்டாள். நான் வார்டு நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டினேன். காய்ச்சல்காரர் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மாமியாரிடம் ஓடினேன். ரயில் ரோட்டோரம் குடியிருக்கிறவனுக்கு ரயில் சத்தம் காதில் விழுமா, புதுசாக வந்து படுக்கிறவன்தானே தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பான், நீங்கள் தினம் புகையிலை போடுகிறீர்கள், உங்கள் உடம்பு ரயில் ரோட்டோரம் குடியிருக்கிறது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீக பொகையில போடுறீகளா?”

இல்லை என்றேன். பீடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை. எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு பீடிக்கு அப்பா பிரம்பால் கொடுத்தது போதும்.

“அப்பச் சரி. நாளைக்கு வெள்ளென காட்டுக்கு வாங்க. நீகளும் புதுசுதானே. கட்டைத் தூக்கித்தான் பாருங்களேன்.”

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். இறங்கும்போது இன்னும் சரியாக விடியவில்லை. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். மனுஷன் குடிக்க மாட்டான், ஆனால் புகையிலைக்கு அதுதான் காரம் ஏற்றும் என்பார்கள். என் இடுப்பு உயரத்துக்குச் செடி. ஒவ்வோர் இலையும் ஒரு முறம் அகலம். எல்லாவற்றிலும் பனி முத்து முத்தாக நின்றது. பக்கத்தில் முளைக்கிற கொழுந்துகளையும் மண்ணில் புரளுகிற அடியிலையையும் ஒடித்துக் கட்ட வேண்டும். வெயில் வந்த பிறகு செய்தால் என்ன என்று கேட்டேன். காலையில்தான் மளுக்கென்று ஒடியும், வெயில் ஏறினால் துவண்டு நார் இழுக்கும், செடி கிழிந்துவிடும் என்றார்கள். அந்த வருஷத்தின் முதல் கட்டைத்தான் அந்தப் பெண் சுமந்து விழுந்துவிட்டாளே, இனி யார் சுமந்தாலும் ராசி கெடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனும் மடித்துக் கட்டின வேட்டியுமாக இறங்கினேன். கொழுந்தை எந்தப் பக்கம் வளைப்பது என்று தெரியாமல் ஒரு செடியையே முறித்தேன். என் வரிசையில் நின்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இந்த லட்சணத்தில் ஆபரேஷன் பண்ணினால் நோயாளியின் கதி என்ன என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒடித்த இலையை எல்லாரையும் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கட்டினதைத் தலையில் ஏற்றினார்கள். கழுத்து, முதுகு, கை எல்லாம் பனித்தண்ணீர் வழிந்தது. இரண்டு நடை கொட்டகைக்குப் போய்வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. மூன்றாவது நடையில் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. துப்பத் துப்ப ஊறியது. பிறகு வேர்வை. பிறகு காடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கட்டைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன்.

ஆரம்பத்தில் நான் சொன்ன காட்சி அதுதான். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாந்திக்கு நடுவே மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன். விரல் மரத்துப்போய்க் கணக்குத் தவறியது.

“ஏத்தா, டாக்டருக்கு எத்தனை மாசம்னு கேளுங்கடி.”

காடு முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர் மாமியார் ஒருவர்தான். என்னை மரத்தடிக்கு நடத்திக்கொண்டுபோய், கையையும் கழுத்தையும் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, மோர் கொடுத்தார். என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மூஞ்சியத்தான் நாலு மாசியாப் பாத்துருக்கேன்” என்றார். “இதே வெளுப்பு. இதே எச்சி.”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மத்தியானம் அவர்கள் வீட்டுக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இனி யாரும் இந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, கரு நின்றிருந்தால்தானே கலைவதற்கு, ஒரு தடவைகூட நிற்கவே இல்லை என்று பிரசங்கம் பண்ணினேன். மாமியார் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். புருஷன் வாசலில் குத்துக்காலிட்டிருந்தான். அந்தப் பெண், முந்தின நாளே ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டவள், எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

“கலைஞ்சு போச்சுன்னாச்சும் சொல்லிக்கிட்டு இருந்தாக சார்” என்றாள். “இப்ப ஒன்னுமே நிக்கலைன்னு ஆக்கிட்டீகளே. நாளைக்கு என்னைய மலடின்னுதான சொல்லுவாக.”

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரி. நான் இலையைப் பார்த்தேன், பிசினைப் பார்த்தேன், தேரையைப் பார்த்தேன். இவளுக்கு ஏன் நிற்கவில்லை என்பதைப் பார்க்கவே இல்லை. பங்குனிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு நோயைக் கண்டுபிடித்த பெருமையில் ஒருத்தியின் வாழ்க்கையைப் பாதி வழியில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறியிருப்பேன். ஆனாலும் பதறவில்லை. கேள்வி மிச்சம் இருந்தால் கேட்க வேண்டியதுதான். இதுவரைக்கும் யாரும் ஒன்றுமே கேட்காத ஆள் ஒருவன் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

அவனைக் கூப்பிட்டுக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்தேன். என்ன லாரி, எந்த ரோடு என்று ஆரம்பித்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு. தக்காளி, கத்தரி, முருங்கை, எது வந்தாலும். பத்து வயதில் கிளீனராக ஏறி இப்போது ஸ்டீரிங் பிடிக்கிறான். லாரியைப் பற்றிப் பேசும்போது முகமே வேறாகிவிட்டது. எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்டேன்.

“லோடு இல்லாத அன்னைக்கு சார்.”

லோடு எப்போது இருக்காது என்றேன்.

“காய் வாங்கி வெஞ்சனம் வைக்காத நாளுன்னு கேரளாவுல ஒன்னு உண்டா சார்?”

சொல்லிவிட்டு அவனே சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது. நான் மேலே கேட்டேன். தீபாவளிக்கு வருவான், ஒரு ராத்திரி. பொங்கலுக்கு மலையாளத்தான் காய் வாங்காமல் இருப்பானா, வர முடியாது. ஊர்த் திருவிழாவுக்கு வந்தால் சாமி கும்பிட்டுவிட்டு அன்றைக்கே வண்டி. மற்றபடி மாசியில் புகையிலைக்காக ஒரு பத்து நாள், அவ்வளவுதான். அந்தப் பத்து நாளில்தான் முதல் கட்டும் விழும், மருமகளும் விழுவாள். மகன் வந்தான், மருமகள் வாந்தி எடுத்தாள், வேறென்ன வேண்டும் ஊருக்கு?

நான் ஒன்றும் விளக்கவில்லை. அவசியமே இல்லை. மாமியார் தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாயில் இருந்ததைப் போய்த் துப்பிவிட்டு வந்து மகனைப் பார்த்தார்.

“ஏலே, அப்ப எங்கண்ணன் மகளைக் கொண்டாந்து வச்சாலும் அவளும் ஒன் லாரிச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். உள்ளே அவள் அழுதாளா, சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் வந்தது.

பரிசப் பேச்சு நின்றுபோனது. மாமியார் தன் அண்ணனிடம் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, டாக்டருக்கே மசக்கை வந்த கதையைச் சொன்னேன், அவன் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள மத்ததையும் சொல்லிட்டேன் என்றார். ஆனால் மகனை லாரியிலிருந்து இறக்குவது பரிசத்தை நிறுத்துகிற மாதிரி சுலபமாக இல்லை. வண்டியை விட்டால் நான் யாரு என்று கேட்டானாம். நான் மலைப்பாதையில் போகிற அந்த லாரியில் ஒரு நாள் அவனோடு ஏறிப் போயிருக்கிறேன். அவன் கேட்டதில் நியாயம் உண்டு. வளைவு வளைவாக அவன் வண்டியைத் திருப்புகிற அழகைப் பார்த்தால் எவனும் இறங்கு என்று சொல்ல மாட்டான். இருந்தும் சொன்னேன். உன் வீட்டுக்காரிக்கு மருந்து மாத்திரை ஒன்றும் வேண்டாம், உன்னைத்தான் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றேன். ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பாக்கலாம் சார் என்றான்.

நான் கண்டதை ஆங்கிலத்தில் சுத்தமாக டைப் அடித்து ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. ரத்தத்தில் நிக்கோட்டின் அளவைக் காட்டாமல் நம்ப முடியாதாம், எழுதியவரின் சொந்த வாந்தி ஆதாரம் ஆகாதாம். அளந்து காட்டுகிற கருவி நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. நான் சொன்னது சரி. என்றைக்காவது, எங்கேயாவது எவனாவது இதையே அளந்து எழுதுவான், அப்போது ஒத்துக்கொள்வார்கள். ஆனால் என் பழைய புரொபசர் அதைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே கிடந்தால் உருப்பட மாட்டாய் என்று என்னை மதுரைக்கே இழுத்துவிட்டார். இப்போது காலையில் வார்டு, மத்தியானம் ஆய்வுக்கூடம். தசை ஏன் அலுத்துப்போகிறது என்பதுதான் என் கேள்வி. அலுப்பு ரிசெப்டரிலேயே நடக்கிறது என்பது என் கட்சி. தசைக்குள்ளே வேறெங்கோ என்று சொல்கிற இரண்டு பேர் என் அறையிலேயே இருக்கிறார்கள், அவர்கள் தோற்பார்கள்.

வெயில் ஏறிய பிறகு கொழுந்து ஒடிக்கச் சொன்னதை அந்தக் காட்டில் யாரும் கேட்கவில்லை. நார் இழுக்கும், அவ்வளவுதான். கையில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னதற்கு, துணியோடு எப்படி ஒடிப்பது என்று கேட்டார்கள். முதல் கட்டை மட்டும் அடுத்த மாசியில் மாமியார் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். ராசி என்ன ஆவது என்று யாரோ கேட்டதற்கு, நானும் இந்த வீட்டுக்கு மருமகளாத்தான் வந்தேன் என்றாராம். போன மாதம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மருமகளுக்கு ஏதாவது விசேஷமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மகனைப் பற்றி மட்டும் கேட்டேன். இப்போது அவன் லாரிக்குப் போவதில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை எடை போடுகிறான், சாயந்தரம் ஆறு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுகிறான்.